கடைக்குட்டியின் காலில் தங்கூஸ்

வீராம்பட்டினத்து சாந்திக்கு வாய் நீளம் என்பது முத்தியால்பேட்டையில் அவளிடம் மீன் வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். அடிமாட்டு விலைக்குக் கேட்டவரைத் தெருமுனை திரும்பும் வரைக்கும் திட்டிக்கொண்டே போவாள். அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், பேச வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காமல் நின்றாள். ஒன்பது வருஷமாக அது அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் இருசப்பன் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறவன். தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு, பெரிய மீன் இழுத்தால் கத்தி மாதிரி சதையில் இறங்கிவிடும். அதற்காக சைக்கிள் ட்யூப்பை நறுக்கி விரல்களில் மாட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு இருசப்பன் அதை ஜன்னலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். சாந்தி எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். அவன் படகை நோக்கி நடந்துகொண்டிருந்தான். கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் ஆகாது. அவள் ட்யூப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். மத்தியானம் அவன் இடது கையில் இரண்டு விரல் இல்லாமல் திரும்பினான். கரை வரைக்கும் ஓடி வந்ததை அவள் அவனிடம் சொல்லவே இல்லை.

கூடை பாதி காலியானதும் அவள் போய் உட்காருகிற இடம் தேவதாஸ் வீட்டு வாசல்நடை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐயா என்பதற்கு பிரெஞ்சில் சொல்கிற மாதிரி, தெருவுக்கே அவர் முசியே. மனைவி போன பிறகு அவருக்கு டிவிதான் துணை. அதில் அவர் சீரியல் பார்ப்பதில்லை. பிரான்ஸில் ஏதோ ஒரு காட்டில், மரத்து உச்சியில் விராலடிப்பான் பருந்து ஜோடி ஒன்று கூடு கட்டியிருந்தது. கூட்டுக்கு மேலே ஒரு கேமரா. அது காட்டுவதை நேரலையில் நாள் முழுக்கப் பார்ப்பார். அருவாமணையில் மீன் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்க்க ஆரம்பித்த சாந்தி, இரண்டு மாதத்தில் அவரைவிட மோசமாகிவிட்டாள்.

"மழை முடிஞ்சா நம்ம கழிமுகத்துக்கு வருமே, அதே மீன்பருந்துதான் முசியே" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆண் பறவைக்கு, படகு முதலாளியைச் சொல்கிற மாதிரி, சம்மாட்டி என்று அவளே பேர் வைத்தாள். மூன்று குஞ்சுகளில் இளைத்துக் கிடந்தது கடைக்குட்டி.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி. அங்கே காலை ஏழரை. சம்மாட்டி ஒரு மீனைக் கொண்டுவந்து கூட்டில் போட்டுவிட்டுப் பறந்தது. தாய் அதைக் கிழித்து ஊட்டத் தொடங்கியது. மீனின் வாயோரம் ஏதோ ஒன்று வெயிலில் பளிச்சென்று மின்னி மறைந்தது. சாந்தியின் கை நின்றது.

"முசியே, தங்கூஸு! தூண்டில அத்துக்கினு வந்த மீனு அது."

தேவதாஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "புல்லும்மா. பனியில மின்னுது."

"கடைக்குட்டி காலப் பாருங்க. சுத்திக்கிச்சி. யாருக்காச்சும் எழுதுங்க."

டிவியில் படத்துக்குப் பக்கத்தில், நேரலையைப் பார்க்கிறவர்கள் போனிலிருந்து எதையாவது எழுதிக்கொண்டே இருப்பார்கள். தேவதாஸுக்கு அந்தப் பேச்சே ஆகாது. "போன மாசம் முட்டை ஒடஞ்சிடுச்சுன்னு எழுதி என் மானம் போச்சு. 'பொந்திஷேரி முசியே, கண்ணாடிய மாத்துங்க'ன்னு சிரிச்சானுங்க. என்ன உட்ரு."

பெரிய மனுஷர், அவர் வீடு. சாந்தி வாயை மூடிக்கொண்டு குனிந்தாள். சங்கரா மீனில் இரண்டு துண்டு போட்டாள். மூன்றாவது துண்டுக்குக் கை ஓடவில்லை.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க!" அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "பாத்துட்டு சொல்லாம இருந்தா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும் முசியே. எழுதுங்க!"

தேவதாஸ் போனை எடுத்து எழுதினார். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. மறுபடி எழுதினார். இரண்டு பேர் சிரிக்கிற முகத்தைப் போட்டார்கள். அதற்குள் குஞ்சு நகரப் பார்த்தது. கால் பின்னுக்கு இழுபட்டு மல்லாந்து விழுந்தது. சிரித்தவர்களும் அதைப் பார்த்தார்கள். கூட்டைக் கவனித்துக்கொள்கிற குழுவிலிருந்து ஒரு பெண் எழுதினாள்: மரமேறுகிறவர் கிளம்பிவிட்டார், அரை மணி நேரம் ஆகும்.

சாந்தியின் கூடையில் ஐஸ் உருகிச் சொட்டியது. அவள் எழுந்திருக்கவில்லை.

அரை மணி கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. தேவதாஸ் படித்துவிட்டு வெளிறிப்போனார். "ஆள் ஏறுனா தாய் பறந்துடும். நரம்போட மறுமுனை தாய் காலுல இருந்தா, குஞ்சையும் சேத்து இழுத்துக்கினு போயிடும். கேமராவுல சரியா தெரியலயாம். முதல்ல பாத்தவங்கதான் சொல்லணுங்கறாங்க."

சாந்தி அருவாமணையைத் தள்ளிவிட்டு டிவிக்கு ஒரு முழத்தில் போய் நின்றாள். தாய் நகரவே இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு அது வலது காலை மாற்றி வைத்தது; நரம்பு அசையவில்லை. இடது காலைத் தூக்கியது, அப்போதும் அசையவில்லை.

"தாய் கால்ல இல்ல. சுள்ளியில மாட்டிக்கினுகீது. ஏறச் சொல்லுங்க."

"நிச்சயமா சாந்தி?"

"ஏறச் சொல்லுங்க முசியே!"

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. தன் வாயால் அந்தக் குஞ்சு செத்தால் என்ன செய்வது? தாய் சிறகை விரித்தபோது அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கீது" என்றார் தேவதாஸ். "கடைக்குட்டி அங்கதான் கீது."

கையுறை போட்ட ஒரு கை வந்து, நரம்பைக் கத்தரித்து, சுருளையும் கொக்கியையும் எடுத்துக்கொண்டு போனது. கால் வீங்கியிருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்று எழுதினார்கள். பார்த்தது யார் என்றும் கேட்டார்கள். தேவதாஸ் தன் பேரைப் போட்டுக்கொள்ளவில்லை. வீராம்பட்டினம் மதாம் சாந்தி என்று எழுதினார்.

மதாம் அன்று மிச்ச மீனைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனாள். சாயந்திரம் இருசப்பன் நரம்பில் தூண்டில் முள் கட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து, ஒன்பது வருஷத்துக் கதையை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அழுகை தாங்கவில்லை.

இருசப்பன் நரம்பைக் கீழே வைத்தான். "தெரியும். படகுல ஏறுறப்ப திரும்பிப் பாத்தேன். உன் கையில ட்யூப்பு இருந்துச்சு. எறங்கி வந்தா சகுனம் கெட்டுடும்னு நானும் பேசாம போயிட்டேன்."

"ஒம்பது வருஷமா ஏன்யா சொல்லல?"

"நீ கூப்புடலன்னு சொல்றதா, நான் வரலன்னு சொல்றதா?" என்றான் அவன்.

மறுநாள் விடியலில், அவன் இடது கையில் மிச்சமிருந்த மூன்று விரலுக்கான ட்யூப் துண்டுகளும் ஜன்னலில் கிடந்தன. ஒன்பது வருஷத்தில் அவன் அதை ஒரு நாளும் மறந்ததில்லை. சாந்தி எடுத்துக்கொண்டு ஓடினாள். கரையில் இருபது பேர் இருந்தார்கள்; அவன் படகை நெருங்கிவிட்டான்.

"யோவ்! நில்லுய்யா!"

கரையே திடுக்கிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது. இருசப்பன் அப்போதே நின்றுவிட்டிருந்தான். திரும்புவதற்கு முன்பே இடது கையைப் பின்னால் நீட்டினான்.