சந்தேகம் வந்தால் எதிராளிக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு லாரியைப் பார்த்துப் பயந்துபோனேன். கூடுவாஞ்சேரியில் நான் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு — வீடு என்ன வீடு, இப்போதைக்கு நாலு அஸ்திவாரக் குழி — செங்கல் இறக்க வந்த லாரி அது.

லோடுமேன்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தான். இடது புருவத்தில் தழும்பு. மூக்கு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி மேஸ்திரி பக்கம் திரும்பி, "சிமென்ட் வந்துருச்சா?" என்றேன்.

"சிமென்ட்டு நாளைக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார் மேஸ்திரி.

அதற்குள் அவன் பக்கத்தில் வந்துவிட்டான்.

"இன்னாண்ணா, என்னத் தெர்லயா? தனா. இரும்புலியூர் தனா."

தெரியாமல் என்ன? பத்து வருஷமாக அந்த முகத்தில் முழித்துவிடக் கூடாது என்று எத்தனை தெரு சுற்றிப் போயிருக்கிறேன்! "அட, தனாவா!" என்று ரொம்ப சந்தோஷமாகக் கத்தினேன். என் நடிப்பு எனக்கே கேவலமாக இருந்தது.

சுற்றி வளைப்பானேன்... சொல்லிவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு குத்துச்சண்டைப் போட்டியில் இவனுக்குக் கிடைக்க இருந்த வேலையைக் கெடுத்தவன் நான். எதிரே நின்று குத்தியவன் இல்லை. ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து மார்க் போட்டவன்.

"குத்துச்சண்டையா? நீரா?" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. வாராவாரம் என் பல்வலி, ரேஷன் கடை, ரயில் நெரிசல் புலம்பல்களைப் படிக்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள். ஒரு கொசுவை அடிக்கவே எனக்கு மூன்று சான்ஸ் வேண்டும். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாளில் நான் குத்துச்சண்டைப் பைத்தியம்.

எண்பதுகளின் பிற்பாதி. இரும்புலியூரில் குடித்தனம், பாரிமுனையில் குமாஸ்தா உத்தியோகம். மேற்குத் தாம்பரத்தில் டேனியல் என்று ஒரு சிநேகிதன். டெலிபோன் ஆபீசில் வேலை. அவனுடைய அண்ணன் கப்பலில் இருந்தார். லீவில் வரும்போதெல்லாம் வெளிநாட்டுக் குத்துச்சண்டை வீடியோ கேசட்டுகளாகக் கொண்டுவந்து கொட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நானும், இன்னொரு சிநேகிதன் பேங்க் மூர்த்தியும் டேனியல் வீட்டில் ஆஜராகிவிடுவோம்.

நாங்கள் பார்க்கிற விதமே வேறு. டி.வி.யில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவோம். வர்ணனை செய்கிறவன் பேச்சைக் கேட்டால் மனசு சாய்ந்துவிடும் அல்லவா? ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் டேனியல் டேப்பை நிறுத்துவான். ரவுண்டில் ஜெயித்தவனுக்குப் பத்து, தோற்றவனுக்கு ஒன்பது. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, அவரவர் டம்ளருக்கு அடியில் வைத்துவிட வேண்டும். அடுத்தவன் தாளை எட்டிப் பார்த்தால் காபி கட். சண்டை முழுக்க முடிந்து, தாள்களைப் பிரித்த பிறகுதான் அசல் ஜட்ஜுகளின் தீர்ப்பைப் பார்ப்போம்.

அதற்கப்புறம் எங்கள் சண்டை ஆரம்பிக்கும்.

ஒரு மிடில்வெயிட் சண்டையைப் பற்றி மட்டும் இரண்டு வருஷம் அடித்துக்கொண்டோம். ஒருத்தன் பன்னிரண்டு ரவுண்டும் முன்னால் முன்னால் போய்க்கொண்டே இருப்பான். இன்னொருத்தன் விலகி விலகி ஓடி, ரவுண்டு முடிகிற நேரம் பார்த்து படபடவென்று நாலு குத்து விடுவான். யார் ஜெயித்தது? "துரத்துறவன்தான் ஜெயிச்சான்னா, எங்க தெரு நாய்தான்டா உலக சாம்பியன்!" என்பான் டேனியல். "ஓடுறவன் ஜெயிச்சான்னா, டெய்லி எலெக்ட்ரிக் டிரெய்ன் பின்னாடி ஓடுற எனக்கு பெல்ட் குடுங்கடா!" என்பான் மூர்த்தி. யார் யாருக்கு நடந்த சண்டை என்று பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் கடிதம் போட்டுச் சண்டைக்கு வருவீர்கள்.

மூர்த்திக்கு ஒரு வியாதி. தனக்குப் பிடித்தவன் அடி வாங்கி மூலையில் உட்கார்ந்திருந்தாலும் அவனுக்கே பத்து போடுவான். இதற்காகத்தான் டேனியல் ஒரு ரூல் கொண்டுவந்தான். டேப் ஓடுவதற்கு முன்னால், உனக்கு யாரைப் பிடிக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் எந்த ரவுண்டாவது இழுபறியாக இருந்தால், உனக்குப் பிடித்தவனுக்குப் போடக் கூடாது. எதிராளிக்குத்தான் போட வேண்டும்.

சந்தேகம் வந்தால் எதிராளிக்கு!

என்ன அருமையான ரூல்! எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊரிலேயே, ஏன், இந்த தேசத்திலேயே நேர்மையான ஜட்ஜுகள் நாங்கள் மூன்று பேர்தான் என்று நினைத்துக்கொண்டு திரிந்தோம்.

இப்போது தனா.

எங்கள் பின் தெருப் பையன். இருபத்திநாலு, இருபத்தைந்து வயது. நான் பால் வாங்கப் போகும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடிக்கொண்டிருப்பான். வண்டலூர் ஜூ வரைக்கும் போய்த் திரும்பி வருவான். "வணக்கம்ணா!" என்று ஓட்டத்தை நிறுத்தாமலே ஒரு சல்யூட். அவனுடைய அம்மா பல்லாவரம் கல்குவாரியில் ஜல்லி உடைக்கிறவர். அவர் சம்பாத்தியத்தில்தான் இவனுக்கு முட்டையும் பாலும். "வேலை கெடச்சதும் மொதல்ல அம்மா கைலருந்து அந்தச் சுத்தியலப் புடுங்கித் தூக்கிப் போட்ருவேண்ணா" என்று என்னிடமே ஒருதரம் சொல்லியிருக்கிறான்.

ஒரு வருஷம் பொங்கல் லீவில் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் குத்துச்சண்டைப் போட்டி நடந்தது. தனா ஃபைனலுக்கு வந்துவிட்டான். எதிராளி வியாசர்பாடிப் பையன். முன் வரிசையில் ஒரு பெரிய ஆபீசின் விளையாட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அந்த எடைப் பிரிவில் ஜெயிக்கிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை என்று ஊருக்கே தெரியும். தனாவுக்கு வயசு வரம்பு அந்த வருஷத்தோடு சரி.

சாயங்காலம் நாலு மணி. மூன்று ஜட்ஜுகளில் ஒருவருக்குக் காய்ச்சல், வரவில்லை. போட்டியை நடத்திய கிளப் செயலாளர் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார்.

"சார், நீங்க ஞாயித்துக்கெயமையானா மார்க்கு போட்டுகினு கீறீங்களே... வந்து குந்துங்க சார். மூணே ரவுண்டு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "பையன் எங்க தெரு. நான் உட்கார்ந்தால் சரிவராது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பின்னால் டேனியலும் மூர்த்தியும் விசில் அடித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜ ரிங், நிஜ ஜட்ஜ் நாற்காலி. பெருமை தாங்கவில்லை.

இங்கே ரவுண்டில் ஜெயித்தவனுக்கு இருபது, தோற்றவனுக்குப் பத்தொன்பது. முதல் ரவுண்டு தனாவுக்கு, அதில் சந்தேகமே இல்லை. இரண்டாவது வியாசர்பாடிப் பையனுக்கு, அதிலும் சந்தேகமில்லை. மூன்றாவது ரவுண்டில் இரண்டு பேருமே களைத்துப்போனார்கள். இவன் ஒன்று விட்டால் அவன் ஒன்று விட்டான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கடைசி பத்து வினாடியில் தனா இடது கையால் இரண்டு குத்து விட்டான். சுத்தமான குத்து. எதிராளியின் தலை பின்னால் போனதை மூன்றடி தூரத்தில் இருந்து பார்த்தேன்.

மணி அடித்தது.

என் கண்ணுக்குத் தனா ஜெயித்திருந்தான். மயிரிழையில்தான், ஆனால் ஜெயித்திருந்தான். பேனாவை எடுத்தேன். உடனே அந்த எழவெடுத்த ரூல் ஞாபகத்துக்கு வந்தது. எனக்குப் பிடித்தவன் யார்? தனா. ரவுண்டு இழுபறியா? இழுபறிதான். அப்படியானால்?

ரூல் மேல் மட்டும் பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன், இல்லையா? உண்மையைச் சொல்கிறேன். 'தன் தெருப் பையனுக்குப் போட்டுக் கொடுத்துட்டான்' என்று நாலு பேர் பேசுவார்களே என்று பயம். அதைவிட, 'பாரு, சொந்தத் தெருக்காரன்னு கூடப் பார்க்கல, என்ன நேர்மை!' என்று நாலு பேர் பேச வேண்டும் என்று ஆசை. எதிராளிக்கு இருபது, தனாவுக்குப் பத்தொன்பது என்று எழுதி, மடித்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்று ஜட்ஜுகளில் இரண்டு பேர் வியாசர்பாடிப் பையன் பக்கம், ஒருவர் தனா பக்கம் என்று மைக்கில் அறிவித்தார்கள். எந்த ஜட்ஜ் யாருக்குப் போட்டார் என்று சொல்லவில்லை. தனா கொஞ்ச நேரம் ரிங்கின் நடுவிலேயே நின்றான். பிறகு எதிராளியைக் கட்டிப்பிடித்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கிப்போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேனியல் வீடு. அவனும் மூர்த்தியும் கூட்டத்தில் இருந்தபடியே காலண்டர் தாளில் மார்க் போட்டிருந்தார்கள். இரண்டு தாளிலும் தனா. மூர்த்தி சும்மா இல்லாமல், "ஆமா, நீ என்ன போட்ட?" என்றான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். ரூலைக் காப்பாற்றியதற்கு ஒரு சபாஷ் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன்.

டேனியல் கேசட்டை டெக்கில் இருந்து வெளியே எடுத்தான். என்னைப் பார்க்காமலே பேசினான்.

"மச்சான், அந்த ரூல் டேப்புக்குடா. டேப்ல இருக்கறவங்களுக்கெல்லாம் ரிசல்ட் எப்பவோ வந்தாச்சு. நாம என்ன மார்க் போட்டா அவங்களுக்கு என்ன? அந்தப் பையனுக்கு நீதானேடா ரிசல்ட்டு!"

அன்றைக்கு யாரும் எந்தச் சண்டையும் பார்க்கவில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அடிக்கடி வேறு வேலை வந்துவிட்டது. மூர்த்திக்கு மாற்றல் வந்தது. கோஷ்டி அப்படியே கலைந்துபோனது.

வேலை வியாசர்பாடிப் பையனுக்குப் போயிற்று. தனா இன்னும் ஒரு வருஷம் ஓடினான், ரிங்கில் மோதினான். புருவம் கிழிந்தது, மூக்கு உடைந்தது, வயசும் தாண்டிவிட்டது. அப்புறம் ஓடுவதை நிறுத்திவிட்டான். நான் பால் வாங்கும் நேரத்தை மாற்றினேன். அப்புறம் பால் கடையை மாற்றினேன். கடைசியில் வீட்டையே மாற்றிக்கொண்டு குரோம்பேட்டைக்குப் போய்விட்டேன்.

எத்தனையோ பேரைப் பார்க்கிறேன். தன் பிள்ளை எழுதிய பரீட்சைத் தாளில் மட்டும் இரண்டு மார்க் குறைத்துப் போடுகிற வாத்தியார். கூடப் படித்தவன் என்பதற்காகவே அவன் லீவு மனுவைத் தள்ளிவைக்கிற மேனேஜர். இவர்களை எல்லாம் நேர்மையான ஆசாமிகள் என்று ஊர் கொண்டாடுகிறது. அந்த நேர்மையில் பாதி பயம், மீதி பவுசு. செலவு மட்டும் பக்கத்தில் இருக்கிறவனுடையது.

சரி, செங்கல் லாரிக்கு வருகிறேன்.

"அம்மா எப்படி இருக்காங்க தனா?" என்றேன்.

"பூட்ச்சிண்ணா. நாலு வருசமாவுது. கடசீ வரிக்கும் குவாரிக்குப் போய்கினுதான் இருந்துச்சு."

நான் குனிந்து அஸ்திவாரக் குழியைப் பார்த்தேன். அவன், தன்னோடு வந்த லோடுமேனைக் கூப்பிட்டான்.

"டேய் பாபு, இந்த அண்ணன் யாரு தெரிமா? நான் ஃபைனல்ல தோத்த கத சொல்வேன்ல? மூணு ஜட்ஜு. ரெண்டு பேரு அவனுக்குப் போட்டானுங்க. நம்ம அண்ணன் ஒருத்தருதான்டா எனக்குப் போட்டாரு!"

அவன் இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைக்காமல் என்ன செய்வான்? மூன்று பேரில் ஒருவன் சொந்தத் தெருக்காரன். ஒரு ஓட்டு தனக்கு விழுந்திருக்கிறது. வேறு யாருடையதாக இருக்கும்?

"வூட்ல சண்ட வந்தா என் சம்சாரம் சொல்லும்ணா, நீ அன்னிக்கே தோத்தவன்தானேன்னு. நான் ஒண்ணும் பேச மாட்டேன். நம்ம ஊரு அண்ணன் ஒருத்தரு, விஷயம் தெரிஞ்சவரு, நீதான்டா ஜெயிச்சேன்னு எய்திக் குட்த்தாரே... அத்த நெனச்சிக்குவேன். அது போதும்ணா."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "தனா, அந்த மூணாவது ரவுண்டு..."

"என்துதானேண்ணா?"

நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"உன்னுதுதான் தனா" என்றேன். என் கண் பார்த்தது அதைத்தான். பத்து வருஷம் முந்திச் சொல்லியிருக்க வேண்டியதை, செங்கல் லாரியின் நிழலில் நின்றுகொண்டு சொன்னேன்.

அவன் முகம் மலர்ந்துபோனது. அதன் பிறகு அவன் செங்கல் இறக்கியதைப் பார்க்க வேண்டும்! மற்ற இடங்களில் லாரி மேல் இருந்தே வீசுவார்கள். இவன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இரண்டை மோதித் தட்டிச் சத்தம் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்கி, நல்லதாகப் பொறுக்கி அடுக்கினான். "நம்ம அண்ணன் வூடு. ஒரு ஒடஞ்ச கல்லு போவக் கூடாது" என்று பாபுவிடம் அதட்டல் வேறு. நான் வேப்ப மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று அடுக்கிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் பெயரை மாற்றிவிட்டேன், அவன் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்பதையும் விசாரித்துக்கொண்டேன்... அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.