மருத்துவரிடம் சொன்ன பொய்

மலேசியாவின் கோலா கெத்திலில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பதினைந்து வயதுப் பேத்தியைக் கடையில் மூன்று பொருள் வாங்கச் சொன்னால், மற்றதை மறந்து ஒன்றோடு திரும்புவாள். "சோம்பேறி!" என்று கத்துவேன்.

அவள் சிறுமியாக இருந்தபோதே, இந்த மறதிக்காக நான் அழைத்துப்போன மருத்துவர் கேட்டார்: கர்ப்ப காலத்தில் தாய் போதைப்பொருள் எடுத்தாளா? என் மகள் சியாபு எடுத்தது எனக்குத் தெரியும். சர்ச்சில் தலைகாட்ட முடியாதே என்று பயந்து, இல்லை என்றேன்.

போன மாதம் நான் மறுபடி கத்தியபோது மகள் குறுக்கே வந்தாள்.

"அவள ஏன்ப்பா ஏசுறீங்க? தப்பு என்னோடதுலா. இப்பவாச்சும் டாக்டர்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். போதைப்பொருள் கருவிலேயே மூளையைப் பாதித்திருக்கலாம், மறதி அதனால் வந்திருக்கலாம், முன்பே தெரிந்திருந்தால் சிறுவயதிலேயே பயிற்சி கொடுத்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

பக்கத்தில் இருந்த பேத்தி கேட்டாள்: "அப்ப நான் சோம்பேறி இல்லையா, தாத்தா?"

"இல்லம்மா" என்றேன். அவள் சிரித்தாள். என் மீது எனக்கிருக்கும் ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை.