மாட்டுக்கொட்டிலில் சிமிட்டிய விளக்கு

2026 தை 22, வியாழக்கிழமை. விடியுமுன் எழுந்து முற்றம் கூட்டினேன். குடிதண்ணீர் பவுசர் வரும் நாள் என்பதால் கலன்களைக் கழுவி வாசல் படலையடியில் வரிசையாக வைத்தேன். தேத்தண்ணி குடித்து, பாணும் முதல்நாள் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வேலணை அலுவலகத்துக்குப் பேருந்தில் போனேன். பிற்பகல் மடத்துவெளியில் இறங்கி வீட்டுக்கு வந்து, நிரம்பியிருந்த கலன்களைக் குசினிக்குள் தூக்கி வைத்தேன். கொடியில் கிடந்த உடுப்பை எடுத்து மடித்தேன். தம்பியின் முப்பத்தொராம் நாள் கிரியை முடிந்து ஒரு வாரமாகியிருந்தது. இந்த வருடம் எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை.

எல்லா வேலையும் வழக்கப்படி செய்தேன். கொட்டில் பக்கம் மட்டும் போகவில்லை.

கொட்டிலில் ஒரு மின்சார வாகனம் நிற்கிறது. முன்பு மாடு கட்டிய கொட்டில்தான். நிலத்துக்குச் சீமெந்து போட்டு, சுவரில் சார்ஜ் ஏற்றும் பெட்டி பூட்டியிருக்கிறோம். வாகனம் சீனத் தயாரிப்பு. விற்றவர்கள் வெள்ளை நிறம் என்றார்கள். வெயிலில் நின்று பார்த்தால் மெல்லிய நீலம் தெரியும். அது நோர்வேயில் இருந்த என் தம்பியினுடையது. எனக்கு ஓட்டத் தெரியாது.

அங்கே சில வருடங்களுக்கு முன்பே அவன் இதே கம்பனியின் வாகனம் ஒன்றை வாங்கியிருந்தான். "முதல் எல்லாரும் சிரிச்சவை அக்கா," என்று தொலைபேசியில் சொன்னான். "சீனாக்காரன்ர வாகனமோ, பனிக்குள்ள நிண்டிடும் எண்டவை. இப்ப என்ர மேல்மாடியில இருக்கிற வெள்ளைக்காரக் கிழவியும் அதுதான் வாங்கி வைச்சிருக்கிறா."

சென்ற வருடம் நாட்டில் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கியது. அந்தக் கம்பனி யாழ்ப்பாணத்திலும் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு கடை திறந்தது. யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அன்றே எனக்கு அழைத்தான். "என்ர வாகனம் எனக்கு முதல் ஊருக்குப் போயிட்டுது, பாத்தியோ!"

அப்போது அவன் ஒரு தடவை வைத்தியம் முடித்து வீட்டிலிருந்தான். நோய் அடங்கிவிட்டது என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். தையில் வந்து மூன்று மாதம் நிற்பது, பலாலி விமானநிலையத்தில் இறங்கித் தானே ஓட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நிறுத்துவது என்பது அவனுடைய திட்டம். வாடகை வான் பிடித்து வரலாமே, வீண் செலவு எதற்கு என்றேன்.

"வான்ல நோயாளி மாதிரிப் பின்னுக்குச் சாய்ஞ்சுகொண்டு வரச் சொல்லுறியோ? நானே வாகனம் ஓடிக்கொண்டுதான் வருவன்."

ஆவணியில் அவன் காசு கட்டிய வாகனம் வந்தது.

கடைக்காரருடன் கூடப் போய் அதைக் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு அண்ணை. சந்தியில் ஓட்டோ வைத்திருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர், வாய் ஓயாதவர். எங்கள் தீவுக்குக் கடல் நடுவே வரும் பாலத்தில் மாடுகள் வழி விடவில்லையாம். "சத்தம் இருந்தால்தானே மாடு விலகும்? பொம்பிளை பார்க்க வந்தவன் மாதிரிப் பம்மிப் பம்மி வருது இது," என்றார். பிறகு கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சீனாக்காரன் துறைமுகம் கட்டினான், ரோட்டுப் போட்டான், இப்ப எங்கட மாட்டுக்கொட்டிலுக்கும் வந்திட்டான் தங்கச்சி," என்றார். தம்பி வீடியோவில் அதைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தான்.

எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்யவில்லை. தானே வந்து அம்மன் வாசலில் பழத்தின் மேல் வாகனச் சில்லை ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

வாகனத்தின் செயலியைக் கடைக்காரர் அவனுடைய கைத்தொலைபேசியோடு இங்கிருந்தே இணைத்துக் கொடுத்திருந்தார். ஒரு வாரம் கழித்து, நான் அலுவலகத்தால் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அழைப்பு வந்தது.

"அக்கா, கொட்டிலுக்கு முன்னால போய் நில்."

"ஏன்ரா?"

"நில்லன்."

நின்றேன். ஆளில்லாத வாகனத்தின் முன்விளக்குகள் இரண்டும் இரண்டு தரம் சிமிட்டின. நான் பின்வாங்கி வாளியில் இடறினேன். அவன் அங்கிருந்து சிரித்தான்.

அதன்பின் அது வழக்கமாயிற்று. நான் வீடு திரும்பும் நேரம் அவனுக்கு மதியம். சேலை மாற்றுமுன் கொட்டிலுக்கு முன்னால் நிற்பேன். விளக்குச் சிமிட்டும். "பத்தினதோ?" என்று கேட்பான். "ஓம், பத்தினது," என்பேன். சில நாட்களில் அதற்குமேல் பேச எங்களுக்கு ஒன்றும் இருப்பதில்லை. அந்த நேரத்தில் அண்ணை சந்தியில் நிற்பார். எங்கள் விளையாட்டு அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

கார்த்திகையில் நோய் திரும்பியது. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொண்டையில் குழாய் வைத்தபிறகு அவனால் பேச முடியவில்லை. தொலைபேசி வருவது நின்றது. விளக்கு மட்டும் நிற்கவில்லை. மழை பெய்த நாட்களிலும் குடையுடன் போய் நின்றேன். சிமிட்டும். "பத்தினது" என்று எழுதி அனுப்புவேன். அன்றைக்கு அது எனக்குப் போதும்.

மார்கழித் தொடக்கத்தில் தம்பியின் மனைவி அழைத்து, தைப் பயணம் சரிவராது, வைத்தியர்கள் மறுத்துவிட்டார்கள் என்றாள். படலையடியில் நின்ற அண்ணையிடம் அதைச் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டார். "அப்ப வாகனம் சும்மா நிக்கப்போகுது," என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழிந்தபின் விளக்குச் சிமிட்டவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவனுடைய கைக்கு இனி ஏலாது என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதையும் நினைக்கத் தோன்றவில்லை. அழைத்துக் கேட்கவும் பயமாக இருந்தது. இருந்தாலும் தினமும் போய் நின்றேன். அதற்கடுத்த வாரம் அவன் போய்விட்டான். தகனம் அங்கேயே நடந்தது. நாங்கள் இங்கே தொலைபேசியில் பார்த்தோம்.

இவ்வளவும் முடிந்த பிறகு, இந்த வியாழக்கிழமை, நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது தம்பியின் மனைவி அழைத்தாள். வாகனத்தை விற்றுவிடலாம் என்று சொல்லத்தான் அழைத்தாள்.

"கம்பனிக்காரர் வந்து பார்க்க வேணுமாம் மச்சாள். வாகனம் தொடர்பில இல்லையெண்டு காட்டுதாம். அது அப்பவே அப்பிடித்தானே."

"எப்பவே?"



"உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு இருந்தனான். அவர் கடைசியா நினைவோட கிடந்த நாளுகளில போனைக் கையால விடேல்லை மச்சாள். விளக்குக்கு அமத்துவார், பார்ப்பார். தொடர்பில்லை எண்டு வரும். திரும்ப அமத்துவார். என்னைப் பார்த்துக் கையால கேப்பார், ஏன் எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது? அங்க மழையாக்கும், கரண்ட் இல்லையாக்கும், அக்கா நிப்பா எண்டனான். பிறகு ஒருநாள் போனைக் கவிட்டு வைச்சிட்டார்."

"நீர் எனக்கு எடுத்துக் கேட்டிருக்கலாமே," என்றேன்.

"நீங்கள் அழுவியள் எண்டு எடுக்கேல்லை."

அவள் விம்மினாள். விற்பதைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று சொல்லி வைத்தேன். மழை பெய்தது உண்மைதான். ஆனால் மின்சாரம் ஒரு நாளும் நிற்கவில்லை. சுவர்ப் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பொழுது படுகையில் அண்ணை வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். வாகனத்தை விற்கும் பேச்சு வந்திருக்கிறது என்றேன்.

"பயமில்லாமல் வில்லும். பற்றரி புதுசு மாதிரி இருக்கும். நான் அப்பவே முன்பக்கப் பொனற்றைத் திறந்து சின்னப் பற்றரியின்ர வயரைக் கழட்டிப்போட்டன்."

"எப்ப அண்ணை?"

"தம்பி தைக்கு வரேலாது எண்டு சொன்னனீர் எல்லே, அதுக்குப் பிறகுதான். நீர் வேலணைக் கந்தோருக்குப் போயிருந்தனீர். பொனற் சும்மாதான் சாத்திக் கிடக்கு, அடைக்கேல்லை. வயர் முறுக்கிற சாவியும் கொட்டில் கூரை வளையில செருகிக் கிடக்கு."

இந்தத் தீவில் வெளிநாட்டில் இருப்பவர்களின் வாகனங்கள் பல கொட்டில்களில் நிற்கின்றன. ஆட்கள் வரும் மாதத்தில் ஓடும். போனதும் யாராவது பற்றரி வயரைக் கழற்றி விடுவார்கள், சார்ஜ் இறங்கிவிடாமல் இருக்க. எங்கள் பகுதியில் அதைச் செய்பவர் அண்ணைதான். யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. மழை இருட்டினால் பக்கத்து வீட்டுக் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுத்து வைப்பது போன்ற ஓர் உதவி அது.

"அந்தப் பெரிய பற்றரியில சார்ஜ் இருந்தால் விளக்குப் பத்தாதோ?" என்று கேட்டேன்.

"சின்னது இல்லாட்டி ஒண்டும் பத்தாது. செத்த வாகனம்தான்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாய் தவறிப்போச்சு தங்கச்சி. குறை நினையாதையும்."

தம்பியின் செய்தி வந்த நாள், ஓட்டோவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அவர். வந்த சனத்துக்குத் தேத்தண்ணி கொடுத்தவர். முப்பத்தொராம் நாளுக்குக் கீரிமலைத் தீர்த்தத்துக்கும் அவர்தான் கூட்டிப்போனார். கதிரையில் கால்களை ஒடுக்கிக்கொண்டு, சொன்ன வார்த்தைக்காக வருந்தியபடி இருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லது அண்ணை. தேத்தண்ணி குடியுங்கோ," என்றேன். குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினேன். தண்ணீர் கொதித்து வற்றும்வரை அங்கேயே நின்றுவிட்டு, திரும்பவும் தண்ணீர் வைத்தேன்.

23, வெள்ளிக்கிழமை. முற்றம் கூட்டுமுன் கொட்டிலுக்குப் போனேன். வளையில் செருகியிருந்த சாவியை எடுத்து, பொனற்றைத் தூக்கி, தனியே கிடந்த வயரை அதன் இடத்தில் வைத்து முறுக்கினேன்.