அசையாமல் கிடந்ததற்குக் கிடைத்த விருது

எனது வீட்டின் முன்னறையில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே இரண்டு விருதுகள் நிற்கின்றன. ஒன்று சிறந்த நகைச்சுவைக் குறும்படத்தை இயக்கியமைக்காக வழங்கப்பட்டது. மற்றையது அதே படத்தில் சிறந்த நடிகராகத் தெரிவானமைக்காக. இரண்டாவதைப் பற்றி விருந்தினர் விசாரிக்கும்போது நான் விரிவாக விடை கூறுவதில்லை. அந்தப் படத்தில் நான் ஏற்ற பாத்திரம் பிணம். ஐம்பது வருடங்களாக மேடைகளிலே துள்ளியும் விழுந்தும் உருண்டும் சீவித்த ஒருவனுக்கு, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்த அன்றுதான் நடிப்பு வந்தது என்று நடுவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான்தான் அதைக் கைவிட்டேன் என்று பிற்காலத்தில் சில விழா மலர்களில் எழுதியிருக்கிறேன். அதனை இங்கே திருத்திக்கொள்கிறேன். பிறகு நகரத்துத் திரையரங்கொன்றின் வாசலில் டிக்கெட் கிழிக்கும் உத்தியோகம் பார்த்தேன். அங்கு ஓடிய படங்களில் ஒன்றையேனும் நான் முழுமையாகப் பார்த்தவனல்லன். கதவோரம் நின்று சனத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசை எவ்விடத்தில் சிரிக்கிறது, பல்கனியில் இருப்போர் ஏன் ஒரு கணம் பிந்திச் சிரிக்கிறார்கள் என்பனவற்றை ஆராய்ந்தேன். இதனையே எனது உயர்கல்வியாகக் கருதி வருகிறேன். வேறு எவரும் அவ்வாறு கருதவில்லை.

எங்கள் ஊர்க் கூத்தில் எனக்கு அரசன் வேடம் வேண்டுமென்று விரும்பினேன். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் எனது குரலை ஒருமுறை கேட்டார். மறுமுறை கேட்கவில்லை. அரசனின் வருகையை அறிவிக்கும் கட்டியகாரன் வேடத்தைத் தந்தார். அரங்கேற்றத்தன்று நான் அரசனை அறிவித்தேன், அரசன் வரவில்லை. அவரது முடியின் கயிறு அறுந்துபோக, உள்ளே அதைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறையும் அறிவித்தேன். மூன்றாம் முறை, அரசர் வராமைக்குரிய காரணங்களை எனது சொந்தச் சொற்களிலே எடுத்துரைக்கத் தொடங்கினேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அரசர் வந்து சேர்ந்தபோது அவரைப் பார்க்க ஒருவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. அண்ணாவியார் என்னைக் கடுமையாகக் கண்டித்தார். அடுத்த வருடமும் அதே வேடத்தைத் தந்தார்.

எனது கலைவாழ்வின் மறுபாதி எனது மச்சான். அம்மாவின் அண்ணனுடைய மகன். கொக்கட்டிச்சோலையில் வயல் செய்பவர். இருபது வருடங்கள் நாங்கள் இருவரும் கோயில் திருவிழாக்களிலும் சனசமூக நிலைய விழாக்களிலும் நகைச்சுவை நாடகம் போட்டோம். நான் ஓடுவேன், கத்துவேன், வேட்டி தடக்கி விழுவேன். அவர் அசையாமல் நின்று என்னைப் பார்ப்பார். சிரிக்கவே மாட்டார். சனம் சிரித்தது அவரது பார்வைக்கு என்பது எனக்கு விளங்கியபோது அவர் என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார்.

அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நெற்போகத்தில் மச்சான் கரடியனாற்றுப் பக்கம் வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியொன்றில் சிறிது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். கதிர் முற்றும் காலத்தில் யானை வரும். ஆகவே பரண் கட்டிக் காவலிருந்தார். சுட்ட மீன் உண்டு என்று கேள்விப்பட்டு நானும் போயிருந்தேன். இருள் கவியும் மைம்மல் பொழுதில் யானை வந்தது. நாங்கள் இருந்த பரணில் ஏணி ஒன்றுதான். நான் இறங்கினேன் என்பதைவிட விழுந்தேன் என்பதே பொருத்தம். இடுப்பில் கட்டியிருந்த எனது சாரன் ஏணியின் தடியொன்றில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்க நேரமிருக்கவில்லை. சாரனை யானைக்கு விட்டுவிட்டு, இறைவன் படைத்த கோலத்தில் வாய்க்கால்வரை ஓடினேன். மச்சான் பரணிலேயே நின்று, யானை வெடியொன்றைக் கொளுத்தி எறிந்து, மிருகத்தைத் துரத்தினார். அதன் பின்னர் எனது சாரனை ஒரு கம்பின் நுனியில் எடுத்துக்கொண்டு வந்து வாய்க்கால் கரையில் நீட்டினார். சிரிக்கவில்லை. இதை ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அடுத்த திருவிழா மேடையில், நாடகத்தின் நடுவிலே, எழுதிய வசனம் எடுபடாமற்போக, யானைக் கதையை எடுத்துவிட்டேன். ஆனால் ஓடியவர் மச்சான் என்றும் வெடி கொளுத்தியவன் நான் என்றும் மாற்றிச் சொன்னேன். மேடையில் நான் ஏற்றிருந்தது வீரமுள்ள ஊர்த் தலைவர் வேடம். பாத்திரத்தின் இயல்புக்கு அதுவே பொருந்துமென்று எனக்கு நானே விளக்கம் கூறிக்கொண்டேன். எங்கள் இருபது வருடங்களில் அப்படியொரு சிரிப்பு எழுந்ததில்லை. மச்சான் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். சனம் இன்னும் சிரித்தது. அவர் தமது பாத்திரத்தை முறையாக முடித்து, சபையை வணங்கி, முகத்துப் பவுடரைக் கழுவிவிட்டுப் போனார். ஒன்பது வருடங்கள் என்னோடு கதைக்கவில்லை.

அந்த ஒன்பது வருடங்களும் 'யானைச் சாரன்' என்ற பட்டம் அவரோடு திரிந்தது. நெல் விற்கப் போனால் அங்கே கேட்டார்கள். மகளின் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். நான் இரண்டு மூன்று தடவை ஆள்விட்டு மன்னிப்புக் கேட்டேன். உண்மையை மட்டும் எவரிடமும் கொடுத்தனுப்பவில்லை. அது வெளியில் வந்தால் எனது மரியாதை குறைந்துவிடும் என்று அஞ்சினேன். வேட்டி தடக்கி விழுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவனுக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் கணித்துக்கொள்ளலாம்.

இனிப் படத்துக்கு வருகிறேன். எனது மகளைக் கட்டியவர் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர், எங்களோடுதான் இருக்கிறார். அவருடைய கமராவை நம்பி நான் இயக்குநரானேன். முதலில் எடுத்த மூன்று குறும்படங்களையும் எங்கள் குடும்பத்தார் பார்த்தார்கள். நாலாவது படத்தின் கதை, தன்னைப் பற்றி ஊர் என்ன கதைக்கிறது என்று அறிவதற்காகச் செத்ததுபோல் நடிக்கும் ஓர் உலோபியைப் பற்றியது. புதிய கதையென்று நான் உரிமை கோரவில்லை. ஆனால் மரணவீட்டைத் தத்ரூபமாகக் காட்ட வேண்டுமென்பதில் பிடிவாதமாக இருந்தேன். சந்தியிலிருந்து வீட்டுவாசல்வரை இருபுறமும் வெள்ளைக்கொடி கட்டுவித்தேன். பந்தல் போட்டு, பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அயலிலுள்ள பெண்கள் நால்வர், தேநீரும் பிஸ்கட்டும் தருவதாக வாக்களித்ததன்பேரில், ஒப்பாரி சொல்லச் சம்மதித்தார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றையும் எனது சொந்தப் பெயரிலேயே அச்சடித்துச் சந்தியிலே ஒட்டுவித்தேன். இருபது வருடங்களுக்கு முந்திய, தலைமயிர் உள்ள படத்தைத் தெரிந்தெடுத்தேன். 'கிழக்கின் கலைவானில் சுடர்விட்ட தாரகை' என்ற வாசகம் நானே எழுதியது. எனக்கு எவரும் அப்படி எழுதமாட்டார்கள் என்பதனால் அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டேன். மருமகன் தயங்கினார். எங்கள் பகுதியில் வெள்ளைக்கொடி கண்ட சனம் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை, நேரே உள்ளே வந்துவிடும் என்றார். மத்தியானத்துக்குள் கழற்றிவிடலாம் என்று நான் அவரை அடக்கினேன்.

காலை பத்து மணியளவில் நான் பெட்டிக்குள் கிடந்தேன். மூக்கில் பஞ்சு, நெற்றியில் திருநீறு, தலைமாட்டில் குத்துவிளக்கு. பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கியிருந்தார்கள். மருமகன் யன்னலுக்கு வெளியே கமராவோடு நின்றார். அப்போது யாரோ வந்து எனது கால்கள் இரண்டையும் பிடித்தார்கள். கதையில் அப்படி ஒரு காட்சி இல்லை. கண்ணைத் திறந்து கண்டிக்கலாமென்று நினைத்த கணத்தில் குரல் கேட்டது.

"எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லல்ல, மச்சான். பஸ்ஸில போக்குள்ள சந்தியில ஒட்டினதப் பாத்துத்தான் இறங்கி வாறன்."

எங்கள் பக்கத்தில் இழவுச் செய்தியை உறவுக்காரருக்கு ஆள் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டுக்கு மானமுள்ளவர் போகமாட்டார். மச்சானை விட மானமுள்ள ஒருவரை நான் கண்டதில்லை. ஒருவரும் போய்ச் சொல்லாமலே அவர் வந்து எனது கால்மாட்டில் நின்றார். நான் கண்ணைத் திறக்கவில்லை. அது நடிப்பன்று, பயம். பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள்.

"ஒன்பது வருசம் உன்னோட கதைக்காம இருந்தன். எண்டைக்காவது நீயா வந்து உண்மையச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கிட்டு இருந்தன். இனி ஆரோடடா நான் கோவிச்சுக்கிட்டு இரிக்கிற?"

எனது இடது கண்ணிலிருந்து ஒரு துளி புறப்பட்டுக் காதை நோக்கிப் போனது. அதைத் தடுக்கும் வித்தை எனக்குத் தெரியாது. கால்களைப் பிடித்திருந்த கைகள் இறுகின, பிறகு விட்டன. அவர் குனிந்து அந்தத் துளியைப் பார்ப்பது மூச்சுக்காற்றில் தெரிந்தது. அதன் பின் அவர் சந்தியில் எனக்கென்று வாங்கி வந்த மலர்வளையம் எனது முகத்தில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. வளையத்தினுள்ளே ஈர்க்கு இருந்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் எழும்பி உட்கார்ந்தபோது அவர் பந்தலைக் கடந்து கொண்டிருந்தார். கமராவோடு நின்ற மருமகனைக் கண்டுவிட்டு, திரும்பி ஒரு வசனம் சொன்னார்.

"செத்தும் என்னை வெச்சுத்தானா சனத்தச் சிரிக்க வெக்கப் போறாய்?"

யன்னலுக்கு வெளியே கமரா ஓடிக்கொண்டிருந்தது. அன்று பின்னேரம் மருமகன் அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினார். அழுகையும் அடியும் மூக்கிலிருந்து பறந்த பஞ்சும் ஒன்றும் தப்பவில்லை. ஒப்பாரி சொன்ன பெண்கள் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். இதுதான் படம், மற்றதெல்லாம் குப்பை என்று மருமகன் மரியாதையோடு தெரிவித்தார். நான் எழுதிய நாற்பது பக்கங்களையும் அவர் குப்பையில் சேர்த்துக்கொண்டார். எனக்கும் ஆசை பிடித்தது. அப்போது மனைவி குசினியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"அந்த மனுசன்ட வாயால ஓம் எண்டு கேக்காம இத வெளியில விட்டீங்க எண்டா, கட்டின கொடிய நான் கழட்ட மாட்டன். கிடக்கட்டும், தேவைப்படும்."

மறுநாள் கைத்தொலைபேசியில் அந்தக் காட்சியை ஏற்றிக்கொண்டு கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். மச்சான் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் காணாதவராய், நெல்லைக் காலால் கிளறி முடிக்கும்வரை வெயிலில் நிற்கவிட்டார். பிறகு பிளேன்டீ வந்தது. அவர் காட்சியை மூன்று முறை பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் வீட்டிலே ஒத்திகை பார்த்துச் சென்ற மன்னிப்புரையை ஆரம்பித்தேன். இரண்டாவது வசனத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"நல்லாத்தான் அழுதிரிக்கன்," என்றார். "இதப் போடு. ஆனா இதால உனக்கு ஒரு மேடை கிடைச்சா, அந்தச் சாரன் ஆர்ர எண்டு சொல்லு. கதைய வளக்காத. என்ட சாரன் எண்டு மட்டும் சொல்லு."

சம்மதித்தேன். புறப்படும்போது, அவர் ஒருமுறையேனும் என்னை மச்சான் என்று விளிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். பெட்டிக்குள் கிடந்த பிணத்துக்குக் கிடைத்த உரிமை எனக்குக் கிடைக்கவில்லை.

படம் போட்டிக்குப் போனது. இரண்டு விருதுகள் கிடைத்தன. அடிவாங்கும்வரை உயிரற்ற உடலின் தன்மையை இம்மியும் பிசகாமல் வெளிப்படுத்தினேன் என்றும், அந்த ஒற்றைக் கண்ணீர் நீண்ட பயிற்சியின் பயன் என்றும் நடுவர் குறிப்பில் இருந்தது. விழா நகர மண்டபத்தில் நடந்தது. மச்சான் வெள்ளைச் சட்டையோடு வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். எனது சட்டைப்பையில் நான்கு பக்க ஏற்புரை இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "யானைக்குப் பயந்து சாரனை விட்டுவிட்டு ஓடியவன் நான். அது எனது சாரன்."

மண்டபம் சிரித்தது. அந்தக் கதையை அறியாதவர் அந்த மண்டபத்தில் அருமை. மெய்யாகத்தான் சொல்கிறேன் என்றேன். இன்னும் சிரித்தார்கள். அந்நாட்களில் மச்சான் மேடையில் நிற்பதுபோல, முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் நின்று, மூன்றாம் முறையும் சொன்னேன். இப்போது கைதட்டினார்கள். நிகழ்ச்சித் தொகுப்பாளர் கண்ணைத் துடைத்தவாறு வந்து, நண்பரின் இழிவைத் தமது தலைமேல் தூக்கிப்போட்டுக்கொள்ளும் இந்தப் பெருந்தன்மையே உயர்ந்த நகைச்சுவை என்று சபைக்கு விளக்கினார். ஐம்பது வருடங்களாக என்ன பொய் சொன்னாலும் நம்பிய சனம் அது. இறங்கி வந்தேன்.

வாசலில் மச்சான் நின்றார். எனது கையிலிருந்த விருதுகளில் ஒன்றை வாங்கி, கனம் பார்த்துவிட்டுத் தாமே தூக்கிக்கொண்டார். ஏதாவது சொல்வார் என்று காத்து நின்றபோது, பாடசாலை ஆசிரியைபோலத் தோன்றிய ஒரு பெண் எங்களை நெருங்கினார். படம் அருமை என்று எனக்குச் சொல்லிவிட்டு, மச்சானின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, யானைக்குச் சாரன் குடுத்தது நீங்கதானே?"

நான் வாயைத் திறந்தேன். மச்சான் அந்தப் பழைய பார்வையை என்மீது ஒரு கணம் நிறுத்தினார்.

"ஓம் பிள்ள, நான்தான்," என்றார். "இவர் அந்த நேரம் செத்துக் கிடந்தார்."

அந்தப் பெண் உடனே சிரித்துவிட்டார். எவர் எவ்விடத்தில் சிரிப்பார்கள் என்று ஆயுள் முழுவதும் ஆராய்ந்த நான், பல்கனியில் இருந்தவர்களைப்போல ஒரு கணம் பிந்தித்தான் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. விருதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவை எட்டிப் பார்த்தார்.

"வா மச்சான்," என்றார், "பஸ் போயிரும்."