தரையைக் கூட்டிய பேண்ட்

அமெரிக்காவில் இருக்கும் மகள் நேற்று வீடியோவில் கூப்பிட்டாள். பேரன் அங்கே பேஸ்பால் டீமில் சேர்ந்திருக்கிறானாம். "அரை மணி நேரமா கண்ணாடி முன்னாடியே நிக்கறானுங்கப்பா. பேண்ட்ட முழங்கால் வரைக்கும் ஏத்திச் சாக்ஸ் தெரியப் போடறதா, ஷூ மேல தொங்க உடறதான்னு முடிவு பண்ண முடியலையாம். நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள். பேண்ட் விஷயத்தில் புத்தி கேட்க என்னைப் போய்த் தேர்ந்தெடுத்தாளே, அவள் ராசி அப்படி. "அம்மாகிட்டக் கேளு கண்ணு" என்று போனைக் கைமாற்றிவிட்டேன்.

எழுபதுகளில் கோயமுத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். துணியில் ஓட்டை, ஆயில் கறை பார்த்து ஒதுக்குகிற உத்தியோகம். ஆர்டர் பிடிக்கப் பம்பாய் போன எங்கள் முதலாளி, அங்கே யாரோ கிரிக்கெட் ஆடியதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மறுநாளே கம்பெனிக்கு ஒரு டீம் வேண்டும் என்றார். பேட்டும் பந்தும் வாங்கித் தந்தார். வெள்ளை பேண்ட் என்று வந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர் துணிக்கடையில் போய் நிற்பதாவது? ஊர் என்ன பேசும்? நான் ஒதுக்கிப் போட்ட கறைத் துணியிலேயே பதினோரு பேண்ட் தைக்கச் சொல்லிவிட்டார். ஆம், பனியன் துணியில். இன்றைக்கு அதையே டிராக் பேண்ட் என்று பெயர் வைத்து உலகம் முழுக்க விற்கிறார்கள். கண்டுபிடித்தவர்கள் நாங்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை.

அப்போது பெல்பாட்டம் காலம். கால் எங்கே முடிகிறது, ஷூ எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது, அதுதான் நாகரிகம். எனக்கு ஷூவே கிடையாது, ரப்பர் செருப்புத்தான். ஆகவே மூடி மறைக்க எனக்குக் கூடுதல் காரணம் இருந்தது. கட்டிங் மாஸ்டர் டேப்பை என் காலில் வைத்துவிட்டு யோசித்தார்.

"கண்ணு, இது பனியன் துணி. வேர்வ பட்டாக் கீழ எறங்கும். நாலு வெரல் கம்மியா வெட்டிக்கறன்."

"வேண்டாமுங்க மாஸ்டர். தரையக் கூட்டோணும், அப்படி வெட்டுங்க."

வருஷக்கணக்காகத் துணியைத் தொட்டு வேலை செய்கிறவன் நான். பனியன் துணி ஈரம் பட்டால் நீளும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கண்ணாடி முன்னால் நின்றால் மறந்துவிடும், அவ்வளவுதான்.

டீமில் ஒவ்வொருவனும் ஒரு தினுசு. ஒருவன் தொப்புளுக்கு மேலே ஏற்றி நாடா கட்டினான், ஒருவன் இடுப்பிலேயே நிற்காத அளவுக்கு இறக்கினான். அயர்னிங் பார்த்த காசிம் மட்டும் பேண்ட்டின் அடியைச் சுருட்டிச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு வந்தான். "கோழி புடிக்கப் போறியா மாப்ள?" என்று நான்தான் முதலில் சிரித்தேன். "ஓடறதுக்குத்தான மாப்ள பேண்ட்டு" என்று அவனும் சிரித்தான்.

காசிமை நினைத்தால் கரி வாசனை வருகிறது. நாள் முழுக்கக் கரிப்பெட்டி முன்னால் நின்று பனியன் தேய்ப்பான். சூடும் பஞ்சுத் தூசியுமாகச் சேர்ந்து இருபத்திரண்டு வயதிலேயே இருமல் பிடித்திருந்தது. ஆனால் மட்டையைப் பிடித்தால் வேறு ஆள். கோயமுத்தூர் மில் ஒன்றில் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், எடுத்தால் மில்லிலேயே நிரந்தர வேலை என்று சேதி வந்தபோது கம்பெனியே அவனைத்தான் பார்த்தது. "அந்தக் கரிப்பெட்டிய உட்டு வெளிய போயிருவன் மாப்ள. ஒரு நாள் நின்னு ஆடிட்டாப் போதும்" என்றான் என்னிடம்.

அந்த ஒரு நாளும் வந்தது. மில் அதிகாரி ஜீப்பில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காசிம் நின்று ஆடினான். முப்பதுக்கு மேல் போய்விட்டான். அவனுக்கு ஜோடியாக எதிர்முனையில் நான், மொத்தம் இரண்டு ரன் எடுத்த மாவீரன். வெயிலில் வேர்த்து, மாஸ்டர் சொன்னபடியே என் பேண்ட் இறங்கிக்கொண்டிருந்தது. நடுநடுவே தூக்கிவிட்டுக்கொண்டேன். மடித்துவிடலாம் என்று மட்டும் தோன்றவில்லை. அதிகாரி பார்க்கிறாரே, அசிங்கமாக இருக்காதா?

காசிம் ஒரு பந்தைத் தூரமாக அடித்தான். ஒரு ரன் ஓடி முடித்தோம். இரண்டாவதற்கு "வா மாப்ள" என்று கூப்பிட்டவனும் நானே. இரண்டடி வைத்தேன். வலது கால் இடது காலின் பேண்ட்டை மிதித்தது, குப்புற விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் காசிம் பாதிக்கு மேல் வந்துவிட்டான். நான் எழுந்து அந்தப் பக்கம் ஓடியிருந்தால் நான் அவுட், அவன் ஆடியிருப்பான். இதைக் கணக்குப் போடக் கிரிக்கெட் மூளை எதுவும் வேண்டாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பல்லி மாதிரி ஊர்ந்து, கிளம்பிய கோட்டுக்கே திரும்பிவிட்டேன். காசிம் வந்து பார்த்தான், அவன் நிற்க இடமில்லை. அந்தப் பக்கம் ஸ்டம்பைத் தட்டிவிட்டார்கள், காசிம் அவுட்.

காசிம் குனிந்து என் பேண்ட் அடியை இரண்டு காலிலும் இரண்டு மடிப்பு மடித்துவிட்டான். "இனித் தட்டாது. நின்னு ஆடு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தான். அடுத்த பந்திலேயே நான் அவுட்.

ஆட்டம் முடிந்து அதிகாரி கிளம்பும்போது ஜீப் பக்கத்தில் நானும் நின்றிருந்தேன். முதலாளியிடம் சொன்னார்: "பையன் நல்லா அடிக்கறானுங்க. ஆனா அவசரக்காரன். பார்ட்னர் கிரீஸ் கோட்டுல நிக்கறப்பவே ஓடி வர்றான் பாருங்க. அது சரிப்படாது." முதலாளி ஆமாங்க போட்டார். நான் செருப்பைப் பார்த்தேன். பேண்ட்டை மடித்துவிட்டிருந்ததால் அது நன்றாகத் தெரிந்தது.

அந்த மைதானத்தில் இப்போது நாலு மாடியில் ஒரு கார்மென்ட்ஸ். கரிப்பெட்டி போய் நீராவிப் பெட்டி வந்துவிட்டது. கோயமுத்தூர் மில்லையும் பிற்பாடு மூடிவிட்டார்கள். மூடிய சேதி வந்த அன்று எனக்கு வெட்கமில்லாமல் ஒரு நிம்மதி வந்தது: காசிம் போயிருந்தாலும் வேலை நிலைத்திருக்காது, பார். மூடும்வரைக்குமான இருபது வருஷமும் அவன் கரிப் புகைக்கு முன்னால் நின்று இருமினான் என்பதை அந்த நிம்மதியில் சேர்க்கவில்லை. ஐம்பதைத் தாண்டாமலே போய்விட்டான். கடைசிவரை என்னை மாப்ள என்றுதான் கூப்பிட்டான். ஜீப் பக்கத்தில் நான் நின்றது அவனுக்குத் தெரியாது.

"தப்பு என்னுதுங்க." இரண்டே வார்த்தை. அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம், பிறகு காசிமிடமாவது சொல்லியிருக்கலாம். இப்போது சொல்ல வருகிறது, கேட்க வேண்டிய இரண்டு பேரும் இல்லை.