முதுகைத் தொட்டால்தான் கோ

நான் டீச்சராக வேலையில் சேர்ந்த முதல் வாரம். எழுபதுகளின் நடுவில், உறையூரில் ஒரு பெண்கள் நடுநிலைப் பள்ளி. ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருவேன். எனக்குக் கொடுத்தது ஏழாம் வகுப்பு. அதில் அமுதா என்று ஒரு பெண், தறி நெய்கிற வீட்டுப் பிள்ளை. கையிலும் கழுத்திலும் வெள்ளைத் திட்டுகள். இன்று வெண்புள்ளி என்கிறார்கள்; அன்று பிள்ளைகள் அவளைக் கூப்பிட்ட பெயரை நான் எழுத மாட்டேன்.

அது யாருக்கும் ஒட்டாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அமுதாவின் நோட்டை வாங்கி எனக்குக் கொடுத்த பெண், இடைவேளையில் குழாயடிக்கு ஓடிக் கை கழுவினாள்.

“தனி பெஞ்சில போட்டுடுங்க டீச்சர். நாலு பேரன்ட்ஸ் வந்து நின்னா நீங்கதான் பதில் சொல்லணும்” என்றார் எச்.எம். அம்மா. நான் போடவில்லை. தைரியமெல்லாம் இல்லை, பிடிவாதம்.

நீதிபோதனை வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தேன். ஒருத்தி முன்னால் நிற்க வேண்டும். அவளிடம் பிடித்ததை மற்றவர்கள் சொல்ல வேண்டும். நன்றாகத்தான் போயிற்று. அமுதாவின் முறை வந்ததும் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் வகுப்புத் தலைவி விஜயா எழுந்து, “எட்ட நின்னே பேசுவா டீச்சர், அது பிடிக்கும்” என்றாள். வகுப்பு சிரித்தது. அமுதாவும் கூடவே சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அவள் அம்மா வந்தார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேங்க டீச்சர். இல்லாட்டி டி.சி. குடுத்துடுங்க. வீட்டோட இருந்து நூல் சுத்தட்டும். அழாம இருந்தா போதும்.”

விளையாட்டு பீரியடும் என் தலையில்தான். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கோகோ. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு டீம் வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கமும் அடுத்தவள் அந்தப் பக்கமும் பார்த்து உட்கார்ந்திருக்கும். துரத்துகிறவள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஓடுகிறவள் மறுபக்கம் போய்விட்டால், உட்கார்ந்திருப்பவள் முதுகில் தட்டி ‘கோ’ சொல்லி எழுப்பிவிட வேண்டும். முதுகைத் தொடாவிட்டால் ஃபவுல்.

அமுதாவை விஜயாவின் டீமில், வரிசைக்கு நடுவில் உட்காரவைத்தேன். விஜயா முறைத்தாள். தோற்பது மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. அதை நம்பித்தான் செய்தேன்.

யாரும் அமுதாவுக்குக் கோ கொடுக்கவில்லை. அவளைத் தாண்டி அடுத்தவளிடம் போனார்கள். அவள் எழத் தயாராகக் கையை ஊன்றியபடியே இருந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா வந்து நின்றுவிட்டார். விசிலை வாயில் வைத்தபடி நின்றேன். ஊர் பார்க்க அவளை இன்னொரு தடவை ஒதுக்குவதற்கு நானே ஏற்பாடு செய்துவிட்டேனோ என்று பயம்.

நேரம் முடியப் போகிறது. எதிர் டீமில் மிச்சமிருந்த ஒருத்தி, விஜயாவிடம் தப்பி மறுபக்கம் தாவினாள். அமுதாவுக்கு நேர் எதிரே. விஜயா யோசிக்கவே இல்லை. பளாரென்று அமுதா முதுகில் ஓர் அறை. “கோ.” அமுதா பாய்ந்து பிடித்துவிட்டாள்.

டீம் குதித்தது. விஜயா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு குழாயடிக்கு நடந்தாள். அமுதாவும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டில் அவள் அம்மாவும்தான்.

விஜயா குழாயைத் திறந்தாள். அதே கையைக் குவித்துத் தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.

வேண்டுமென்றே செய்தாளா, வெறும் தாகமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயைத் துடைத்துக்கொண்டு அமுதாவிடம், “திங்கக்கிழமையும் நீ என் டீம்தான்டி” என்றாள்.

அமுதாவின் அம்மா டி.சி. கேட்கவில்லை. “திங்கக்கிழமை அனுப்புறேங்க டீச்சர்” என்று மட்டும் சொன்னார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒட்டாது, ஒட்டாது என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட, தொட்டே ஆக வேண்டிய ஆட்டம் ஒன்றைக் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் குழாயடியைக் கவனியுங்கள். பயமாகத்தான் இருக்கும். எனக்கு ரிட்டயர் ஆகும் வரை இருந்தது.