தம்பி சொன்னதாக நான் சொன்னது

என் முதல் வாடிக்கையாளரை நான் பொய் சொல்லித்தான் பிடித்தேன். இரண்டாவது வாடிக்கையாளரையும் அப்படித்தான்!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட... அம்மாவிடம் சொன்னால் எங்கள் ஊர் அரியாலை முழுவதும் சொன்ன மாதிரி. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அது எனக்கு வசதியாக இருக்கிறது.

கொழும்பில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவள் நான். சொந்தமாக ஒன்று தொடங்க வேண்டும் என்ற வெறி பிடித்து, வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கடன் வாங்கவில்லை, முதலீட்டாளர் எவருமில்லை. கையிலிருந்த சேமிப்பும் ஒரு பழைய மடிக்கணினியும் அம்மாவின் புட்டும்தான் என் மூலதனம்! விசாரிப்பவர்களிடம் நான் நீண்ட விடுமுறையில் நிற்பதாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தா. பொய் எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை, பாருங்கள்.

நான் செய்தது, கலியாண வீடுகளுக்குக் கதிரை, பந்தல், சமையல் கிடாரம், ஒலிபெருக்கி என்று வாடகைக்கு விடுபவர்களுக்கான மென்பொருள். நல்ல முகூர்த்த நாளில் ஒரே கதிரைகளை இரண்டு வீடுகளுக்கு ஒப்புக்கொண்டுவிட்டு முழிப்பது அவர்களுக்கு வழக்கம். என் அக்காவின் கலியாணத்தில் பாதிச் சனம் நின்றுகொண்டுதான் தாலிகட்டுப் பார்த்தது. என்னுடையதைப் போனில் திறந்தால், எந்த நாளில் எத்தனை கதிரை மிச்சம் என்று உடனே காட்டும். மாதச் சந்தா. பெயர், 'கதிரை'. இந்தப் பெயரை யோசிக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது என்றால் நம்புவீர்களா?

செய்து முடித்தேன். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வாங்குவார் இல்லை!

ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் அன்பானவர்கள். இருத்தித் தேநீர் தந்தார்கள். முதற் கேள்வி எங்கும் ஒன்றுதான், நான் யாருடைய மகள்? அப்பாவின் பெயர், அப்பப்பாவின் பெயர், எந்த வீட்டு வளவு என்று விசாரித்து, ஏதாவது ஒரு வழியில் உறவு கண்டுபிடித்த பிறகுதான் மென்பொருள். அதையும் பார்த்து, நல்ல விசயம் பிள்ளை என்று பாராட்டுவார்கள். அப்புறம் இரண்டாவது கேள்வி வரும்.

“இப்ப ஆர் பாவிக்கினம் இதை?”

அங்கேதான் நான் விழுவேன். யாருமே இல்லை என்றால், முகம் அப்படியே மாறிவிடும். முதலில் யாராவது எடுக்கட்டுமாம், அடுத்த ஆளாகத் தாங்கள் வருவார்களாம். அடுத்த ஆளாக வருவதற்கு யாழ்ப்பாணம் முழுவதும் ஆட்கள் நின்றார்கள். முதல் ஆளாக ஒருவர்கூட இல்லை!

இப்படித்தான் ஒரு நாள் கொடிகாமம் சந்தைக்குப் பின்னாலுள்ள தருமண்ணையின் வளவுக்குப் போனேன். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். நீலக் கதிரைகளைக் கூரை முட்ட அடுக்கி வைத்திருந்தார். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

வெயில், பசி, அலுப்பு... வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டேன்.

“பருத்தித்துறையிலை ரவியண்ணை பாவிக்கிறார்.”

ரவியண்ணையை நான் கண்டதுகூட இல்லை. ஒரு கலியாண வீட்டு வாசலில் கதிரை இறக்கிய வான் வண்டியில் அந்தப் பெயரையும் ஊரையும் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். பருத்தித்துறை தூரம்தானே, கொடிகாமத்துக்காரர் அங்கே போயா விசாரிக்கப்போகிறார் என்று கணக்குப் போட்டேன்.

தருமண்ணை நிமிர்ந்து பார்த்தார். “உவன் என்னட்டைப் போகச் சொன்னவனோ?”

அவருடைய குரலில் ஏதோ இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனித்தேனா? இல்லை! தொழிற்போட்டி என்று நினைத்து, பொய்க்கு இன்னும் கொஞ்சம் நெய் விட்டேன்.

“ஓம் அண்ணை. கொடிகாமத்திலை அவரைப் போய்ப் பார், கதிரை குறைஞ்சாலும் அவரின்ரை சொல்லுக் குறையாது எண்டவர்.”

அவர் பக்கத்திலிருந்த கதிரையில் மெல்ல இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, தன் போனை என்னிடம் நீட்டினார். சரி பிள்ளை, போட்டுத் தா என்றார்.

முதல் வாடிக்கையாளர்! என் மனம் துள்ளிக் குதித்தது. தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி கமலாக்கா என் காதருகே குனிந்தா.

“அது இவரின்ரை கூடப்பிறந்த தம்பி, பிள்ளை. மாமாவின்ரை அந்தியேட்டியிலை சண்டை பிடிச்சதுகள். ஏழெட்டு வருசமாக் கதை பேச்சு இல்லை. கடவுள்தான் உன்னை அனுப்பினவர்.”

சண்டை எதற்குத் தெரியுமா? தகப்பனின் தொழிலை இருவரும் பிரித்து எடுத்துக்கொண்டவர்கள். அந்தியேட்டி என்ற முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தவர்களை இருத்த யாருடைய கதிரையைப் போடுவது என்பதில் தொடங்கியிருக்கிறது. இருவரும் லொறியில் கதிரைகளைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள், இருவரும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சனம் நிலத்தில் இருந்து சாப்பிட்டதாம்.

எல்லாரும் என்னிடம் யாருடைய மகள் என்று கேட்டபோது, இதென்ன பட்டிக்காட்டுத்தனம் என்று உள்ளுக்குள் சிரித்தவள் நான். அந்த ஒரு கேள்வியை நான் திருப்பிக் கேட்டிருந்தால்...! இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தும் அது எனக்குத் தோன்றவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்த நாளே பருத்தித்துறை பஸ் ஏறினேன். ரவியண்ணையிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதுதான் திட்டம். சத்தியமாக!

அவர் முற்றத்தில் ஒலிபெருக்கி சோதித்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் போலவே நெற்றி, ஆனால் முன்கோபக்காரர். நான் வாயைத் திறக்குமுன், என் பையையும் மடிக்கணினியையும் பார்த்தே, எதுவும் வேண்டாம், எல்லாக் கணக்கும் தலைக்குள் இருக்கிறது, வந்த வழியே போகலாம் என்றார். அந்தச் சூட்டுக்கு முன்னால் உண்மை எப்படி வரும்? வேறொன்று வந்தது.

“உங்கடை அண்ணைதான் அனுப்பினவர். தம்பி தனியக் கிடந்து கஷ்டப்படுறான், அவனுக்கும் இதைக் குடு பிள்ளை எண்டவர்.”

அவர் ஒலிபெருக்கியை நிறுத்தினார். முற்றம் அமைதியாகிவிட்டது.

“தனிய எண்டவரோ?”

“ஓம்.”

“இன்னொருக்காச் சொல்லு.”

சொன்னேன். சந்தாவில் சேர்ந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வாடிக்கையாளர்! மந்திகையில் பஸ் நின்றபோது வடை வாங்கிச் சாப்பிட்டேன். ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யலாம் என்கிறார்கள், நான் சொன்னது இரண்டுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பயம் பிறகுதான் பிடித்தது. இருவரும் ஒரு நாள் சந்தித்து, நீ என்னைப் பற்றி அப்படிச் சொன்னாயாமே என்று ஒரு வார்த்தை கதைத்தால் போதும். கட்டின வீடு சரிந்துவிடும். என் வீடு மட்டுமா? அந்த ஏழெட்டு வருசக் கோபம் இரண்டு மடங்காகத் திரும்பிவிடாதா?

அந்தப் பயத்தில் மென்பொருளில் ஒரு புது வசதியைச் சேர்த்தேன். ஒருவருக்குக் கதிரை குறைந்தால், சந்தாவில் உள்ள இன்னொருவரிடம் போன் மூலமாகவே கைமாற்றாகக் கேட்கலாம். நேரே கதைக்கத் தேவையில்லை! அவர்கள் கதைக்காமலிருப்பதுதானே எனக்குப் பாதுகாப்பு? எவ்வளவு கெட்டிக்காரி நான்!

ஆவணி மாத முகூர்த்தத்தில் தருமண்ணைக்குக் கதிரைத் தட்டுப்பாடு வந்தது. கைமாற்றாகக் கேட்டார். கேட்டதற்கு மேலாகவே ரவியண்ணை அனுப்பினார். அனுப்பியதை எல்லாம் தருமண்ணை கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்பினார், கூடவே ஒரு மாம்பழப் பெட்டி. மாம்பழத்துக்கு என் மென்பொருளில் இடம் இல்லை. ஆகவே ரவியண்ணை போன் எடுத்து அண்ணனோடு கதைத்துவிட்டார்!

அன்று நான் செத்துப் பிழைத்தேன். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் பாசத்தைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள், கதிரையைப் பற்றித்தான் கதைப்பார்கள். எத்தனை உடைந்தது, எது நல்ல பிளாஸ்டிக்... இருவருக்கும் அதுவே போதுமாக இருந்தது. தம்பிதான் முதலில் இறங்கி வந்தான் என்று அண்ணனுக்கு நிம்மதி. அண்ணைதான் முதலில் இறங்கி வந்தார் என்று தம்பிக்குப் பெருமை.

ரவியண்ணையிடம் நான் எப்போது போனாலும், வேலை முடிந்ததும் கேட்பார். அண்ணை அன்றைக்கு என்ன சொன்னவர்? நானும் சொல்வேன். ஒரு சொல் மாறக்கூடாதே! அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். என் வாழ்க்கையில் நான் மனப்பாடம் செய்த ஒரே வசனம் அது.

இப்படி இருக்க, தருமண்ணையின் மகளின் கலியாணம் வந்தது. எனக்கும் அழைப்பு. மண்டபத்துள் நுழைந்ததும் கண் கலங்கிவிட்டது. நீலக் கதிரை ஒரு வரிசை, ரவியண்ணையின் சிவப்புக் கதிரை அடுத்த வரிசை. யாரும் எதையும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. இதற்காகவாவது என்னை மன்னிக்கலாமே என்று அந்த நேரம் நினைத்தேன்.

தாலி கட்டி முடிந்து, ஆட்கள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி ரவியண்ணையுடையது, ஆகவே மைக்கும் அவர் கையில். என்னைக் கண்டுவிட்டார். கையைப் பிடித்து மேடைக்குக் கொண்டுபோய், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தது இந்தப் பிள்ளையால்தான் என்று சபைக்குச் சொன்னார். பிறகு மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தார்.

“அண்ணை என்னைப் பற்றி அண்டைக்கு என்ன சொன்னவர் எண்டு சொல்லு பிள்ளை. எல்லாரும் கேக்கட்டும்.”

தருமண்ணை இரண்டு அடி தள்ளி, பட்டு வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் ஒருபோதும் சொல்லாத ஒரு சொல்லை, அவர் முகத்துக்கு முன்னால், அவர் மகளின் கலியாணத்தில்... வேறு என்ன செய்வேன்? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? சொன்னேன். தனியக் கிடந்து கஷ்டப்படுறான், அவனுக்கும் இதைக் குடு பிள்ளை. மண்டபம் முழுவதும் கேட்டது. நல்ல ஒலிபெருக்கி அது.

எல்லாரும் தருமண்ணையைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பியின் கண் நிறைந்திருந்தது.

“ஓம். சொன்னனான்” என்றார் தருமண்ணை.

சபை கைதட்டியது. ரவியண்ணை அண்ணனைக் கட்டிப்பிடித்தார். அந்தத் தோளுக்கு மேலாக தருமண்ணை இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அவர் விளங்கிக்கொண்டார். தான் சொன்னதாக நான் சொன்னது பொய்யென்றால், தம்பி சொன்னதாகத் தனக்குச் சொன்னதும்...

பந்தியில் நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அவரே பாயாசம் கொண்டுவந்து ஊற்றினார்.

“பிள்ளை, அண்டைக்குத் தம்பி என்னைப் பற்றிச் சொன்னதெண்டு...”

நிறுத்திவிட்டார். நான் நிமிரவில்லை.

“சரி, சாப்பிடு. ஆறப்போகுது.”

அண்ணனும் தம்பியும் சேர்ந்தார்களே, நல்ல காரியம்தானே என்று நீங்கள் சொல்லலாம். அவர்களைச் சேர்க்கவா நான் பொய் சொன்னேன்? எனக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்! ரவியண்ணைக்கு அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. தருமண்ணைக்குக் கொடுத்ததை நானே சபையில் வைத்துப் பறித்துவிட்டேன்.

தொழில் இப்போது நன்றாகப் போகிறது. அம்மா என் விடுமுறையை முடித்துவைத்து, என்னை முதலாளி ஆக்கிவிட்டா. தெரியாத கடைக்காரர்கள் போன் எடுத்து, கொடிகாமம் தருமண்ணை உன்னைப் பிடிக்கச் சொன்னவர், நம்பிக்கையான பிள்ளை எண்டவர் என்கிறார்கள். ஒருமுறை கமலாக்காவிடம் சாடையாக விசாரித்துப் பார்த்தேன். உண்மையாகவே அப்படித்தான் சொல்கிறாராம்.

போன கிழமையும் அவருடைய வளவுக்குப் போனேன். வேலை முடிந்து மடிக்கணினியை மூடும்போது, பிள்ளை என்று கூப்பிட்டார். இன்றைக்குக் கேட்கப்போகிறார், கேட்டால் சொல்லிவிடுவது என்று நினைத்து எழுந்து நின்றேன்.

“நீலத்திலை ஐம்பது புதுசா எடுத்திருக்கிறன். கணக்கிலை கூட்டிப் போடு.”

மடிக்கணினியைத் திறந்து, கூட்டிப் போட்டேன்.